ஸ்விட்சுக்குள் ஒரு சமையல் குறிப்பு

அத்தியாயம் 14

"முப்பது டாலரா? இந்த ஸ்விட்சுக்கா? ஏன் ஆல்வின், கூட உன் மச்சினனையும் சேத்துத் தர்றியா?"

"மச்சினனை வேணும்னா சும்மாவே கூட்டிக்கிட்டுப் போ, வில்மர். ஸ்விட்சு முப்பது."

சனிக்கிழமை காலை ஏழு மணி. அக்டோபர் பனி புல்லில் இன்னும் வெள்ளையாகவே கிடந்தது. மைதானம் முழுக்கத் தார்ப்பாய் விரித்து, செத்துப்போன கார்களின் எலும்பு, பல், நரம்பு என்று எல்லாவற்றையும் கடை பரப்பியிருந்தார்கள். பென்சில்வேனியாவில் பழைய கார் வைத்திருப்பவன் வருஷத்தில் ஒரு நாள் மாதா கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடுவான். இந்தச் சந்தைக்கு வராமல் இருக்கமாட்டான்.

பேரம் பேசும்போது விற்கிறவன் கண்ணைப் பார்க்க வேண்டும், சாமானைப் பார்க்கக் கூடாது. நாற்பது வருஷமாக இந்த மைதானத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் வில்மர் கேமன்தான். இன்றைக்கு அவர் கண் அந்த ஸ்விட்சை விட்டு நகரவில்லை. ஆல்வினுக்கு அது போதாதா?

"என்ன அவசரம் உனக்கு?"

"அவசரமா? எனக்கா?" வில்மர் சிரித்துப் பார்த்தார். தோள்பட்டை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வலது கை துணித் தூளியில் தொங்கியது. இடது கையால் ஸ்விட்சைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ மனசு மாறியவர்போல இரண்டடி நடந்தார்.

"அப்பா, லேட்டாகுது. மூணு மணிக்கு அவங்க வந்துடுவாங்க" என்றாள் மகள் டோரீன்.

போச்சு. ஆல்வின் முகத்தில் சூரியன் உதித்தது.

"இருபத்தெட்டு. அதுக்குக் கீழ ஒரு சென்ட் குறைஞ்சாலும் என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அவ ஓடிப்போயி ஆறு வருஷமாச்சேடா!"

"திரும்பி வந்துட்டான்னா? அந்த பயம் எனக்கு இருக்காதா?"

இருபத்தேழில் முடிந்தது. திரும்பி நடக்கும்போது வில்மர் மகளிடம் பல்லைக் கடித்தார். "பதினெட்டுக்கு முடிச்சிருப்பேன். நீ வாயத் திறந்தே, ஒன்பது டாலர். இனிமே சந்தைக்கு வந்தா ஊமையா வா."

"ஸ்கூல் பஸ் ஓட்டறவ எப்படிப்பா ஊமையா இருக்க முடியும்?"

போன வாரம் பத்திரிகை கைக்கு வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. வில்மரிடம் 1930ஆம் வருஷத்து ஃபோர்டு ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. மனைவி எர்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. அடுத்த மாதம் இருவரும் சர்ச்சு கட்டியிருக்கும் முதியோர் குடியிருப்புக்குப் போகிறார்கள். அங்கே மாடிப்படி இல்லை. கார்க் கொட்டகையும் இல்லை. அதனால் வண்டி விலைக்கு வந்தது. ஓஹையோவிலிருந்து ஹாலவே என்பவர் விளம்பரம் பார்த்து ஃபோன் செய்தார். எண் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளோடு சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டி, மிதித்தால் மூச்சுக்கூட விடவில்லை.

எண் பார்ப்பது என்றால் சின்ன விஷயமில்லை. அந்தக் காலத்து ஃபோர்டில் எஞ்சினில் குத்தியிருக்கும் எண்தான் வண்டியின் ஜாதகம். அதுதான் பத்திரத்திலும் இருக்கும். எஞ்சினை மாற்றிவிட்டுப் பழைய எண்ணை அதில் குத்தி ஏமாற்றுபவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பதில் வில்மர் கெட்டிக்காரர். இருபது வருஷம் பழைய கார் சங்கத்தின் தலைமை நடுவர் அவர்தான். அவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தால் வண்டிக்காரன் பத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிடுவான்.

தோள் ஆபரேஷனுக்கு முன்பே அவர் தன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஹாலவேக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்: 'எல்லாம் ஒரிஜினல். எஞ்சின் உட்பட. இல்லையென்றால் என் பெயர் வில்மர் கேமன் இல்லை.'

---

சந்தையைச் சுற்றிவிட்டு மத்தியானம் கொட்டகைக்கு வந்ததும் டோரீன் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"முன்னாடி கம்பியப் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டிடலாமேப்பா? நான் சுத்தறேன்."

"வாங்க வந்தவன் எதிர்ல கம்பியச் சுத்தினா, அவன் சொல்ற விலையும் கூடவே சுத்திக்கிட்டுக் கீழ இறங்கும். காலால மிதிக்கணும், உறுமணும். அதுதான் அழகு. முதல்ல பாட்டரி."

"தெரியும்."

"மத்த வண்டி மாதிரி இல்ல, இதுல பாசிட்டிவ்தான் எர்த்து."

"தெரியும்பா. பத்து வயசுலேருந்து சொல்றீங்க."

டோரீன் ஓட்டுநர் பக்கத்துப் பாயைச் சுருட்டி, மிதிபலகையைத் தூக்கி, பாட்டரியின் எர்த்துப் பட்டையைக் கழற்றி ஒதுக்கினாள். பிறகு பானெட்டின் இடது பக்கத்தைத் திறந்தாள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் தலையில் ஒரு தொப்பிபோல உட்கார்ந்திருந்தது அந்த ஸ்விட்ச். ஓட்டுபவன் காலால் பொத்தானை மிதித்தால் ஒரு கம்பி இறங்கி இந்தத் தொப்பியை அமுக்கும். உள்ளே செப்போடு செப்பு ஒட்டும். மோட்டார் சுற்றும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

"நேத்து லைட் எரிஞ்சுது, ஹார்ன் அடிச்சுது. ஸ்டார்ட்டர் மட்டும் செத்துப்போச்சு. அப்ப என்ன அர்த்தம்? உள்ள செப்பு கருகிப்போச்சு. எழுதி வச்சுக்கோ" என்றார் வில்மர். குனிய முடியாததால், எதிர்ப்பக்கம் போய் நின்று ஹெட்லைட்டை ஒற்றைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

டோரீன் பெரிய கேபிளின் நட்டைத் தளர்த்தினாள். அடுத்து இரண்டு திருகாணிகள். திருப்புளியை வைக்கப் போனவள் நின்றாள்.

திருகாணித் தலைகளில் புதுக் கீறல். எண்ணெய்க் கறுப்புக்கு நடுவே வெள்ளி வெள்ளியாக மின்னியது. யாரோ பழக்கமில்லாத கையால், சறுக்கிச் சறுக்கித் திருகியிருக்கிறார்கள். அப்பா மூன்று வாரமாக ஒரு திருப்புளியைத் தொடவில்லை.

ஸ்விட்சைக் கழற்றித் தூக்கினாள். உள்ளேயிருந்த செப்பு கருகவில்லை. புதுக் காசுபோலப் பளபளத்தது. செப்புக்கும் செப்புக்கும் நடுவே, தபால்தலை அளவில் மடித்த ஓர் அட்டைத் துண்டு.

விரித்தாள். நீல மையில் சாய்ந்த எழுத்து.

'...பன்றிக்கொழுப்பு இரண்டு கரண்டி. வெல்லப்பாகு ஒரு கோப்பை. அடுப்பை முன்னாலேயே...'

 பள்ளிக்கூட மதிய உணவுப் பையில் எழுதிய பெயரிலிருந்து விவாகரத்தானபோது வந்த ஆறுதல் கடிதம் வரை, வீட்டிலிருந்து டோரீனுக்கு வந்த அத்தனை காகிதத்திலும் இந்த எழுத்து இப்படித்தான் வால் சுழித்து நின்றிருக்கிறது. அம்மாவின் கையெழுத்து.

"என்ன? கருகியிருக்கா?" வில்மரின் குரல்.

"ம்... ஆமாம்பா." அட்டை அவள் சட்டைப் பைக்குள் போயிருந்தது. "துடைக்க ஒரு துணி வேணும். உள்ள போயி எடுத்துட்டு வரேன்."

"இங்க நாலு துணி கிடக்கே?"

"இது எல்லாம் எண்ணெய்."

---

சமையலறையில் எர்மா மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விலைக்கு வருபவனுக்குக்கூடப் பலகாரம் செய்து வைக்கிற வீடு அது.

 டோரீன் அட்டையை மாவுப் பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

எர்மா அதைப் பார்த்தாள். உருட்டுக்கட்டை நின்றது.

"அவர் பாத்தாரா?"

"இல்ல. அம்மா, என்னம்மா இது? 'அந்தத் தகரத்தை வித்துத் தொலைங்க'ன்னு ஆறு மாசமா கத்தினது நீதானே?"

"கத்தினேன்."

"அப்புறம் நீயே போயி ஸ்டார்ட்டரத் திறந்து அட்டைய வச்சியா? உனக்கு எப்படி அது திறக்கத் தெரிஞ்சுது?"

"நாற்பது வருஷம் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில வேற என்ன பேச்சுடி நடந்திருக்கு?" எர்மா மாவுக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.   "கதவச் சாத்து."

டோரீன் சாத்தினாள்.

"அந்த எஞ்சின் உங்கப்பாவோடது இல்ல."

வெளியே வில்மர் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. அவருக்குத் தெரிந்த ஒரே ராகம், அதுவும் பாதி.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, ஜனவரி. முதுகு ஆபரேஷனுக்காக உங்கப்பா ஆறு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தாரே, ஞாபகம் இருக்கா? நீ அப்ப டெக்சஸ்ல இருந்தே. நம்ம பிளிமத் கார் குளிர்ல விறைச்சுப்போச்சு. எப்படிப் போறது? இதை எடுத்துக்கிட்டுப் போனேன். ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தணும், போயிட்டு வந்ததும் கீழ குழாயத் திறந்து ஒரு சொட்டு விடாம வடிச்சுடணும். அப்பெல்லாம் உங்கப்பா, தண்ணி உறையாம இருக்க ஊத்தறாங்களே, அந்த மருந்துத் தண்ணிய ஊத்தவே விடமாட்டாரு. 1930ல எவன் ஊத்தினான்னு கேப்பாரு. நானும் தினமும் வடிச்சேன்."

"சரி."

"ஒரு நாள் வந்து நிறுத்தறேன், உள்ள ஃபோன் அடிக்குது. டாக்டர். உள்ள ரத்தக் கசிவு, ராத்திரி தாண்டறது சந்தேகம், உடனே வாங்கன்னு. பக்கத்து வீட்டுக்காரங்க என்னை அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. குழாயத் திறக்க மறந்துட்டேன், டோரீன். மறுநாள் வந்து பாத்தா தண்ணி பனிக்கட்டியாகி, எஞ்சின் பக்கவாட்டுல பிளந்து கிடக்குது. ரொட்டி வெடிக்குமே, அப்படி."

டோரீன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா பிழைச்சு எழுந்து முதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? 'வண்டி எப்படி இருக்கு?' நல்லா இருக்குன்னு சொன்னேன். சொல்லிட்டு நேரா கிளேட்டன் வீட்டுக்குப் போனேன்."

"கிளேட்டன் ஸூக்? அவரா!"

ஆச்சரியம் நியாயம்தான். கிளேட்டன் ஸூக் ஒரு காலத்தில் வில்மரின் உயிர்த் தோழன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த மேஜையில் உட்கார்ந்தவர். அவரிடமும் இதே 1930 ஃபோர்டு, இதே நிறம். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை.

"கிளேட்டன் வந்து பாத்தார். ஒரு வார்த்தை பேசல. ரெண்டு நாள் கழிச்சு ஒரு எஞ்சினை லாரில போட்டு எடுத்துட்டு வந்தார். எங்கேருந்துன்னு கேட்டேன். 'என் வண்டியிலேருந்து'ன்னார். 'எனக்கு வேற இரும்பு கிடைக்கும், இந்தச் சேதி கேட்டா வில்மர் தேறமாட்டான்'னார். அதுல இருந்த எண்ணைத் தேய்ச்சு எடுத்துட்டு, உங்கப்பா எண்ணை ரெண்டு நாள் உட்கார்ந்து குத்தினார். அப்புறம் தன் வண்டிக்கு ஒரு பழைய எஞ்சினை வாங்கிப்போட்டு, அதுல தன் எண்ணைக் குத்திக்கிட்டார். அதுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் போதும்னு நினைச்சுட்டார்."

டோரீனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. 

"அம்மா... அந்த ஜூன் மாசம். கார் கண்காட்சி."

"ஆமா. உங்கப்பா பூதக்கண்ணாடிய வச்சு கிளேட்டன் வண்டியப் பாத்தார். எண்ணுல இருக்கற ஏழு கோணலா இருக்குன்னார். மைக்கைப் பிடிச்சு, அத்தனை பேர் முன்னாடி, 'பொய் எண் குத்தினவனுக்கு இந்தச் சங்கத்துல இடமில்ல'ன்னார். கிளேட்டன் சட்டையில இருந்த சங்கத்து வில்லையக் கழட்டி மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டார். என்னை ஒரு தடவை பாத்தார். அவ்வளவுதான். நான் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்த மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"நீ எதுவுமே சொல்லலையா?"

"சொல்லல."

"பதினோரு வருஷமா?"

எர்மா விரலில் ஒட்டியிருந்த மாவை உரித்தாள். "இப்ப எண் பார்க்கத் தெரிஞ்சவனக் கூட்டிக்கிட்டு வர்றான் அந்த ஓஹையோக்காரன். உங்கப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. அவர் யாரை என்ன பேர் சொல்லி மைதானத்துலேருந்து விரட்டினாரோ, அதே பேர நாளைக்கு அவருக்கு வைப்பாங்க. வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா வந்தவன் திரும்பிடுவான்னு நினைச்சேன். நீ சந்தைக்குப் போயி ஸ்விட்சு வாங்கிட்டு வருவேன்னு எனக்கென்ன தெரியும்?"

"அப்பாகிட்ட இப்பவே சொல்லிடு."

"அவங்க போனப்புறம் சொல்றேன்."

"அவங்க போறப்ப வண்டியும் போயிடும்மா!"

"டோரீன்!" கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "துணி நெய்யறியா அங்க?"

---

டோரீன் புது ஸ்விட்சைப் பொருத்தினாள். வேறென்ன செய்வாள்? அப்பா தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். இரண்டு திருகாணி, கேபிள், நட்டு, பாட்டரிப் பட்டை. அவள் கை அது பாட்டுக்கு வேலை செய்தது. கண்ணுக்கு முன்னால் எஞ்சின் பக்கவாட்டில், பச்சை வர்ணத்தில், அந்த எண் வரிசை. இரண்டு பக்கமும் நட்சத்திரம். எவ்வளவு அழகாகக் குத்தியிருக்கிறார் மனுஷன்.

"ஏறி உட்காரு. சாவியப் போடு. மிதி."

மிதித்தாள். ஸ்டார்ட்டர் ஒரு தடவை முனகியது. உடனே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பழைய தையல் மெஷின்போல ஒரே சீராக ஓடியது.

வில்மர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் டோரீன் எஞ்சினை அணைத்தாள்.

"அம்பத்தெட்டு வருஷத்து எஞ்சின்! இன்னைக்குப் போட்ட மாதிரி இல்ல? சரி, அந்தப் பழைய ஸ்விட்சைக் குடு. எப்படிக் கருகியிருக்குன்னு பாக்கறேன்."

"அத எதுக்குப்பா? குப்பையில..."

"குடும்மா."

இடது கையில் வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"கருகியிருக்குன்னியே. இது கண்ணாடி மாதிரி இருக்கே?"

"நான் துடைச்சேன்."

"துடைச்சா கருக்கல் போகும், குழி போகுமா? ஒரு குழிகூட இல்ல. இது நல்ல ஸ்விட்சு. டோரீன், என்னைப் பாரு. நல்ல ஸ்விட்சு ஏன் வேலை செய்யல?"

பள்ளிப் பேருந்தில் நாற்பது பிள்ளைகளின் பொய்யை ஒரு பார்வையில் பிடிக்கிறவளுக்குத் தன் பொய் ஒன்றுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் வாசலில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. மணி இரண்டே கால். வாங்க வருபவன் முன்னதாக வந்தால் அவனுக்கு ஆசை அதிகம் என்று அர்த்தம். வேறொரு நாளாக இருந்தால் வில்மர் மனசுக்குள் விலையைக் கொஞ்சம் ஏற்றியிருப்பார்.

நீளமான வண்டியிலிருந்து ஹாலவே இறங்கினார். சிவந்த முகம், அகலமான சிரிப்பு. "மிஸ்டர் கேமன்! சீக்கிரம் வந்துட்டேன், மன்னிக்கணும். எண் பார்க்க இந்த ஜில்லாவிலேயே கெட்டிக்காரர் யாருன்னு ஆல்வின்கிட்ட ஃபோன்ல கேட்டேன். ரெண்டு பேரைச் சொன்னார். ஒருத்தர் நீங்க. உங்க வண்டிய நீங்களே பார்க்க முடியாதில்ல? அதனால இன்னொருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

மறுபக்கக் கதவு திறந்தது. மெலிந்து உயர்ந்த ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கிளேட்டன் ஸூக்.

 சமையலறை ஜன்னலில் ஒரு திரை ஆடியது, பிறகு ஆடவில்லை.

"இவனா?" வில்மரின் குரல் கரகரத்தது. "ஹாலவே, கோழிக் கணக்குப் பார்க்க நரிய வேலைக்கு வச்சிருக்கீங்க."

"நல்லா இருக்கியா, வில்மர்? தோள்ல என்ன?"

"என் தோளை நீ பார்க்க வேணாம். எண்ணைப் பாரு. நல்லாப் பாரு. நேரா இருக்கற ஏழு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க உனக்கும் ஒரு சந்தர்ப்பம்."

 கிளேட்டன் பானெட் பக்கம் வந்தார். பையிலிருந்து சுத்தமான கைக்குட்டையை எடுத்து எண் பட்டையைத் துடைத்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். தன் கைவேலையைத் தானே பதினோரு வருஷம் கழித்து ஒருவர் எப்படிப் பார்ப்பார்? டோரீன் அவர் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைதானத்தில் பட்ட அவமானத்துக்குக் கணக்குத் தீர்ந்துவிடும்.

நிமிர்ந்தார்.

"சரியா இருக்கு."

"சரியாவா?" ஹாலவே கேட்டார். "ஒரிஜினல்தானே?"

"இந்த வண்டியோட எண் இதுதான். குறை சொல்ல ஒண்ணும் இல்ல."

வில்மர் மார்பை நிமிர்த்தினார். "சத்தமாச் சொல்லு. கேக்கல."

"வில்மர், போதும்."

"போதாது. நேர்மையான வண்டி எப்படி இருக்கும்னு நீயே உன் வாயால..."

"வில்மர்!"

சமையலறைக் கதவு திறந்திருந்தது. எர்மா படியில் நின்றாள், முழங்கை வரை மாவு. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். யாரும் போய்க் கை கொடுக்கவில்லை. அவள் வந்த வேகத்தில் கொடுத்தாலும் வாங்கியிருக்கமாட்டாள்.

"எர்மா, வேணாம்" என்றார் கிளேட்டன், தாழ்ந்த குரலில்.

"நீங்க ரெண்டாவது தடவை எனக்காகப் பொய் சொல்லிட்டீங்க. மூணாவது தடவை நான் சொல்ல விடமாட்டேன்." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "வில்மர், உன் எஞ்சின் அந்த ஜனவரியிலேயே செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு இத ஓட்டினேன். ஒரு நாள் தண்ணி வடிக்க மறந்துட்டேன். பிளந்துபோச்சு. இது கிளேட்டனோட எஞ்சின். அவர் வண்டியிலேருந்து கழட்டிக் குடுத்தார். நீ மைக்கைப் பிடிச்சுத் திட்டினியே, அந்தக் கோணல் ஏழு? உனக்கு இதக் குடுத்ததாலதான் அவருக்கு அது வந்துச்சு. நேத்து ஸ்விட்சுக்குள்ள அட்டைய வச்சதும் நான்தான்."

 

வில்மர் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டோரீனுக்குத் தோன்றியது. கையிலிருந்த பழைய ஸ்விட்ச் நழுவித் தரையில் உருண்டது. அவர் எஞ்சினைப் பார்த்தார். தினமும் துடைத்த எஞ்சின். இப்போதுதான் முதல் தடவையாகப் பூதக்கண்ணாடி இல்லாமலேயே பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கிளேட்டன்." வில்மர் அவர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு மைதானத்துல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்குமே? ஏன்டா சொல்லல?"

"நீ அப்பத்தான் தடி இல்லாம நடக்க ஆரம்பிச்சிருந்தே" என்றார் கிளேட்டன்.

  வில்மர் ஹாலவே பக்கம் திரும்பினார்.

ஹாலவே பாவம், செக்குப் புத்தகத்தைத் திறந்தபடியே நின்றிருந்தார். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மிஸ்டர் கேமன், குடும்ப விஷயம். நான் தலையிடல. ஆனா வண்டி நல்ல வண்டி. எஞ்சின் நல்லா ஓடுதுன்னும் தெரியுது. ஒரிஜினல் இல்லைன்னா விலையக் கொஞ்சம் அனுசரிச்சு..."

"என் கடுதாசி வச்சிருக்கீங்களா?"

ஹாலவே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வில்மர் அதைப் பானெட் மேல் வைத்து, பழக்கமில்லாத இடது கையால், 'எஞ்சின் உட்பட' என்பதை அடித்தார். தன் கையெழுத்தையும் அடித்தார். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

"வண்டிய வேணா பேசலாம். எஞ்சினை விக்க முடியாது. அது என்னோடது இல்ல." கிளேட்டனைப் பார்க்காமலே சொன்னார். "டோரீன், நாளைக்கு வந்து இத இறக்கு. கிளேட்டன் வீட்டுல கொண்டுபோயி வச்சுட்டு வா. அடுத்த மாசச் சங்கக் கூட்டத்துல எனக்கு மைக்கு வேணும்னு இன்னைக்கே ஃபோன் பண்ணு."

"வில்மர், எனக்கு அது வேணாம்" என்றார் கிளேட்டன்.

"உனக்கு வேணுமா வேணாமான்னு நான் கேக்கல."

அதைச் சொல்லும்போது கோபம்தான் இருந்தது. ஆனால் பதினோரு வருஷத்துக்குப் பிறகு நண்பனிடம் பேசுகிற கோபம். ஒரு கணம் டோரீனுக்கு எல்லாம் இதோடு முடிந்துவிடும் என்றுகூடப் பட்டது. ஹாலவே செக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் காருக்கு அருகே போய் நின்றுகொண்டார். எர்மா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் மாவைத் துடைத்தாள்.

"உள்ள வாங்க எல்லாரும். காபி போடறேன்."

 வில்மர் காரின் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கியர்க் கம்பியை. அவர் நெற்றி மெல்லச் சுருங்கியது. வண்டியில் ஒரு கோளாறு இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்னும்போது வருகிற சுருக்கம் அது.

"எர்மா."

"ம்."

"பிளிமத்துல கியர் போட வேணாம், மிதிச்சாப் போகும். இது அப்படி இல்ல. ஒவ்வொரு கியருக்கும் க்ளட்சை ரெண்டு தடவை மிதிக்கணும், நடுவுல ஆக்சிலேட்டரப் பாத்துக் குடுக்கணும், இல்லன்னா பல்லக் கடிக்கும். எனக்கே ஒரு கோடைகாலம் பிடிச்சுது." அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அன்றைக்கு அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான். "ஜனவரி மாசம். உறைஞ்சுபோன ரோடு. பதினெட்டு மைல் போயி, பதினெட்டு மைல் வந்திருக்கே. தினமும். நான் ஒரு நாளும் உன்னை இந்த ஸ்டியரிங் பிடிக்க விட்டதில்ல. யார் உனக்குக் கத்துக்குடுத்தது?"

 எர்மா கிளேட்டன் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவள் பட்ட பாட்டை டோரீன் பார்த்தாள். அதை அப்பாவும் பார்த்துவிட்டார்.